யூபிளாக் ஆரிஜின்: போட்டுக்கொள்ளலாமா, பாவமா?

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிற தமிழர்கள் நாலு பேர் டீ குடிக்க ஒதுங்கினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: விளம்பரத்தைத் தடுத்துவிட்டு ஓசியில் படிப்பது திருட்டு இல்லையா? எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்குச் சம்பளமே விளம்பரக் காசில்தான் வருகிறது, அவர்கள் லேப்டாப்பிலும் விளம்பரத்தைத் தடுக்கிற பிரௌசர் நீட்சியான யூபிளாக் ஆரிஜின் ஓடுகிறது என்பது தனிக்கதை.

இது ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014இல் தொடங்கியது. இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை. இன்னொரு விளம்பரத் தடுப்பானான ஆட்பிளாக் பிளஸ் 2011லிருந்து 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்து, அதில் இடம்பெறும் பெரிய நிறுவனங்களிடம் பணம் வாங்குகிறது. வாட்ச்மேனே கேட்டில் நின்று வசூல் பண்ணுகிற மாதிரி. இங்கே அது கிடையாது.

சரி, திருட்டா? பேப்பரில் வந்த விளம்பரம் நான் எதை எவ்வளவு நேரம் படித்தேன் என்று யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. இணையத்தில் பல தளங்களில் பக்கம் திறக்கும்போதே என்னைப் பற்றிய விவரம் விளம்பரதாரர்களிடம் ஏலத்துக்குப் போய்விடுகிறது, ஏலம் எடுத்தவரின் நிரல் என் கணினியில் வந்து ஓடுகிறது, இதற்கெல்லாம் நான் எப்போது சரி சொன்னேன்? 2022 டிசம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே, தேடலில் வரும் விளம்பரங்கள் வழியாகப் போலித் தளங்கள் ஆளை ஏமாற்றுகின்றன, விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று பொதுமக்களுக்குச் சொன்னது. கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி முதலில் வருவதையே அழுத்துகிற அப்பா அம்மா இருக்கிற வீட்டில் நான் இதற்குமேல் யோசிக்க மாட்டேன்.

ஆனால் யாரோ ஒருத்தர் தனியாக நடத்துகிற தமிழ்ச் சமையல் தளத்துக்கு அந்த விளம்பரக் காசுதான் சர்வர் வாடகை. அங்கே தடுப்பது எனக்கு உறுத்துகிறது. யூபிளாக்கில் உள்ள பெரிய பவர் பட்டனை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணைந்துவிடும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். திரை முழுக்க மறைக்கிற பாப்-அப் வந்தால் மட்டும் மறுபடி போட்டுவிடுவேன், அந்த அளவுக்குப் புண்ணியவான் இல்லை. யூடியூப்புக்கு பிரீமியம் கட்டுகிறேன்.

குறை என்றால், விளம்பரத்தில் பிழைக்கிற கூகுளின் குரோமில் இப்போது முழு யூபிளாக் ஓடாது, யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சின்னப் பதிப்பு மட்டும்தான், அதில் வசதிகள் குறைவு. ஃபயர்ஃபாக்ஸில் முழுசாகக் கிடைக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும். எப்போதாவது பணம் கட்டும் பக்கம் அப்படியே நின்றுவிடும், அணைத்துவிட்டுக் கட்டுங்கள். ஐந்துக்கு நாலரை.