ஓப்பன்ஃபோம் முடிவுகள் பாராவியூவுக்கு: நேராகத் திறப்பதா, மாற்றித் திறப்பதா?

கிருஷ்ணகிரி அணை மதகு வழியே பாயும் நீரை, ஓப்பன்ஃபோம் என்னும் திரவ ஓட்டக் கணக்கீட்டு மென்பொருளின் இன்டர்ஃபோமில் (நீரும் காற்றும் சேர்ந்த ஓட்டத்தைக் கணக்கிடும் நிரல்) ஓட்டி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2017இல் மதகு ஒன்று உடைந்த அணை அது. ப்ராஜெக்ட் தேடும் சிவில் மாணவருக்கு நல்ல தலைப்பு. முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி ரொம்ப எளிது. கணக்கின் கோப்புகள் இருக்கும் கேஸ் ஃபோல்டருக்குள் '.ஃபோம்' (.foam) என்று முடியும் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கித் திறந்தால் போதும். கோப்பில் ஒரு எழுத்துகூட வேண்டாம். கணக்கைத் துண்டுகளாகப் பிரித்துப் பல கோர்களில் ஓட்டியிருந்தால், கேஸ் வகையை 'டீகம்போஸ்டு' என்று மாற்றினால், துண்டுகளைச் சேர்க்காமலே படம் வரும். நீர்ப்பங்கு (0 என்றால் காற்று, 1 என்றால் நீர்) 0.5 ஆக இருக்கும் இடங்களை இணைத்துக் கான்டூர் போட்டால் நீரின் மேற்பரப்பு அப்படியே எழுந்து நிற்கும். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெஃப்ரெஷ் செய்து பார்க்கலாம், மதகடியில் வேகம் எகிறுகிறதா என்று.

இரண்டாவது, ஃபோம்-டூ-விடிகே (foamToVTK) கட்டளையால் கோப்புகளை, பாராவியூ படிக்கும் விடிகே வடிவத்துக்கு மாற்றுவது. அதே தரவு மறுபடி டிஸ்கில் ஏறும். கல்லூரி லேபின் பழைய கணினி திணறிவிடும். பதிப்பைப் பொறுத்து, நேரம் விநாடியாக இல்லாமல் வெறும் வரிசை எண்ணாகவும் வரலாம். ஆனால் தர்மபுரியில் இருக்கும் நண்பருக்குக் கடைசி நேரப்படியை மட்டும், அதிலும் வேகமும் நீர்ப்பங்கும் மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் இதுதான் சரி. விடிகே கோப்பைப் பைத்தானிலும் படிக்கலாம்.

என் ஓட்டு முதல் வழிக்கே. மாற்றுவதை, கோப்பு வேறு கணினிக்குப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.