பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மனுத் தளம்: கையொப்பத்திற்குப் பின் என்ன நடக்கிறது?

பிரித்தானியாவில் வசிப்பவர்களும், வெளிநாடுகளில் வாழும் பிரித்தானியக் குடிமக்களும் கட்டணம் ஏதுமின்றிப் பயன்படுத்தக்கூடிய சேவை, நாடாளுமன்றத்தின் இணைய மனுத் தளம். 10,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அரசு எழுத்தில் பதில் அளிக்கிறது. 1,00,000 சேர்ந்தால் மனு விவாதத்திற்குப் பரிசீலிக்கப்படுகிறது. சேஞ்ச்.ஆர்க் போன்ற தனியார் தளங்களில் எத்தனை லட்சம் பேர் கையொப்பமிட்டாலும் எந்த அமைச்சரும் வாய் திறக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதால், இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பயன்படுத்துவது எளிது. பெயர், மின்னஞ்சல், போஸ்ட்கோட் ஆகியவற்றைத் தந்து, குடிமகன் அல்லது குடியிருப்பவர் என்ற கட்டத்தைத் தெரிவுசெய்து, மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தினால் கையொப்பம் பதிவாகிவிடும். புதிய மனுவைத் தொடங்குபவருக்கு முதலில் ஐந்து ஆதரவாளர்கள் வேண்டும். அதன் பின்னரே ஊழியர்கள் அதை விதிகளுடன் ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். வெளியான மனு ஆறு மாதம் திறந்திருக்கும். எனக்கு மிகவும் பயன்படும் பகுதி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எத்தனை பேர் கையொப்பமிட்டுள்ளனர் என்று காட்டும் வரைபடம். தம் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுபவர் அந்த எண்ணைச் சுட்டிக்காட்டினால், அதைத் தனி ஒருவரின் முறையீடு என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு முன்னோடியான தளம் ஒன்று 2006-ல் பிரதமர் அலுவலகத்தின் பெயரில் தொடங்கியது. சாலைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் வசூலிக்கும் திட்டத்தை எதிர்த்து 2007-ல் ஏறத்தாழ 18 லட்சம் பேர் அதில் கையொப்பமிட்டபோது, அவர்களுக்குக் கிடைத்தது அப்போதைய பிரதமர் டோனி பிளேரின் மின்னஞ்சல் விளக்கம். அரசைக் குறுக்குக் கேள்வி கேட்க இடையில் எவரும் இல்லை. 2015-ல் அரசும் நாடாளுமன்றமும் இணைந்து தற்போதைய தளத்தைத் தொடங்கியபோது, மக்களவையில் மனுக்களுக்கென்றே உறுப்பினர் குழு ஒன்றும் அமைந்தது. அரசின் பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை என்றால், திருத்தி எழுதுமாறு இக்குழு துறைக்குத் திருப்பி அனுப்பும். இந்தச் சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மூளைக் கட்டியால் மகனை இழந்த ஒரு குடும்பம், அந்நோய் ஆராய்ச்சிக்குக் கூடுதல் நிதி கோரித் தொடங்கிய மனுவில் சுமார் 1,20,000 பேர் கையொப்பமிட்டனர். குழு விசாரணை நடத்தி, நோயாளிகளும் உறவினர்களும் எழுதிய அனுபவங்களைத் திரட்டி, 2016 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் விவாதம் நடந்தது. அதன்பின் அரசு பணிக்குழு ஒன்றை அமைத்தது. முன்னாள் அமைச்சர் டெஸா ஜோவல் தாமே அந்நோயுடன் போராடியபடி மேலவையில் பேசியதும் சேர்ந்துகொள்ள, 2018-ல் 4 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் ஆய்வுகளைச் சென்றடைவதில் பெரும் தாமதம் ஏற்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாறாக, பிரெக்சிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதைக் கைவிடக் கோரிய 2019-ஆம் ஆண்டு மனு 60 லட்சத்தைத் தாண்டியது. ஏப்ரல் 1 அன்று, மக்களவையின் துணை விவாத அரங்கமான வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் விவாதம் நடந்தது. அரசின் நிலைப்பாடு அசையவில்லை. இத்தகைய மனு விவாதங்களின் முடிவு எதுவானாலும் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆகவே ஒரு துறை செய்து முடிக்கக்கூடிய, நிதியும் விதியும் தெளிவாகத் தெரியும் கோரிக்கைக்கே இத்தளத்தை நான் பரிந்துரைப்பேன். ஆளுங்கட்சியின் அடிப்படைக் கொள்கையைப் புரட்டிப்போட இது போதாது.

குறைகள் உண்டு. மின்னஞ்சலும் ஒரு கட்டமும் மட்டுமே அடையாளச் சான்று என்பதால், பிரெக்சிட் குறித்து இரண்டாம் பொது வாக்கெடுப்பு கோரிய 2016-ஆம் ஆண்டு மனுவிலிருந்து ஏறத்தாழ 77,000 போலிக் கையொப்பங்களை நீக்க வேண்டியிருந்தது. பல பதில்கள், அரசு ஏற்கனவே செய்துவருவதை அடுக்கிச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. இவற்றைவிட என்னை வருத்துவது வேறொன்று: தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைக்கப்படும்போது, 2024 மே மாதத்தில் நடந்ததுபோல், திறந்திருக்கும் மனுக்கள் அனைத்தும் மூடப்படுகின்றன. 90,000 பேரைத் திரட்டியவரும் புதிய நாடாளுமன்றத்தில் முதல் கையொப்பத்திலிருந்து தொடங்க வேண்டும். குறைந்தபட்சம் 10,000-ஐக் கடந்து பதிலுக்குக் காத்திருக்கும் மனுக்களையாவது புதிய குழு ஏற்றுத் தொடர வேண்டும்.