கொடைக்கு டம்ளர் வாடகைக்கு எடுத்தோம்

எங்கள் ஊர் பத்தமடைக்குப் பக்கம். அம்மன் கோயில் ஆடிக் கொடைக்குக் கணக்கு எழுதுவது நான்தான். கோயில் திருவிழாவைத்தான் எங்கள் பக்கத்தில் கொடை என்போம். இந்த வருஷம் பேப்பர் கப் வாங்குவதில்லை என்று முடிவுசெய்து, பாளையங்கோட்டையில் ஒரு பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம். எப்படி இருந்தது என்று பக்கத்து ஊர்க் கொடைக்காரர்கள் ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கடை பெயரைப் போடவில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

சாப்பாட்டு இலையால் எங்களுக்கு எந்தக் காலத்திலும் தொல்லை இல்லை. பந்தி எழுந்ததும் எச்சில் இலையை வெளியே போட்டால் ஆடுமாடு பார்த்துக்கொள்ளும். தண்ணிக்கும் பானக்காரத்துக்கும் காபிக்கும் கொடுக்கிற கப்தான் தலைவலி. கோயிலுக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய். ஆடியில் கார் பயிருக்குத் தண்ணீர் ஓடும். போன வருஷம் கொடைக்கு மறுநாள் மடைவாயில் கப் வெள்ளை வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. வயல்காரர் வந்து, “நாத்து நட்டது நான், கப்பு நட்டது நீங்களாவே?” என்று கேட்டுவிட்டுப் போனார். பேப்பர்தானே, ஊறிப்போகும் என்று சொன்ன ஆட்களிடம் ஒரு கப்பைக் கிழித்துக் காட்டினேன். உள்ளே சவ்வு மாதிரி பிளாஸ்டிக் உரிந்து வந்தது. அந்தப் பூச்சு உள்ள கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. கடையில் கிடைக்கிறதே என்றால், ஆமாம், கிடைக்கிறது.

சரி, கடைக்கு வருவோம். 600 டம்ளர், 200 சின்னக் கிண்ணம். உருப்படிக்கு 2 ரூபாய், செவ்வாய் புதன் இரண்டு நாளுக்கும் சேர்த்து. அட்வான்ஸ் 5,000. லோடு ஆட்டோ சொன்ன நேரத்துக்கு வந்தது. ஐம்பது ஐம்பதாக அரிசிச் சாக்கில் கட்டியிருந்தார்கள், அது நல்ல ஏற்பாடு. பிரித்துப் பார்த்தால் முப்பது நாற்பது டம்ளரில் விளிம்புக்கு அடியில் பழைய சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மஞ்சளாக வந்தது. அது போக, இரண்டு அளவு டம்ளரைக் கலந்து கட்டியிருந்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று நிற்காமல் அடுக்கு சாய்ந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் நாங்களே ஒருமுறை கழுவித்தான் பந்தலுக்கு எடுத்தோம்.

கழுவ ஆள் கடையிலிருந்து வராது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூரிலேயே இரண்டு அக்காமாரை ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் பேசி வைத்தோம். எச்சில் டம்ளர் போடுகிற தொட்டியை முதல் நாள் பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் வைத்தது என் தப்பு. குடித்தவன் அவ்வளவு தூரம் நடக்கமாட்டான். நின்ற இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவான். மறுநாள் தண்ணிப்பானைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தினோம். சொல்லாமலே விழ ஆரம்பித்தது. ‘ஒருத்தர் வாய் வச்சத இன்னொருத்தரா?’ என்ற பேச்சும் வந்தது. எங்கள் பெரியப்பா டம்ளரை அண்ணாந்து குடித்துக் காட்டி அந்தப் பேச்சை முடித்தார்.

சாமக்கொடையில், அதாவது நடுராத்திரிப் பூசையில்தான் மாட்டிக்கொண்டோம். ராத்திரி ஒரு மணிக்கு மேல் சாமி ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கழுவுகிற அக்காமாரும் அங்கே போய்விட்டார்கள். போகாமல் இருப்பார்களா? காபி கொதிக்கிறது, கழுவிய டம்ளர் ஒன்றுகூட இல்லை. பையன் ஒருத்தன் பெட்டிக்கடையைத் தட்டித் திறக்க வைத்து நூறு கப் வாங்கி வந்துவிட்டான். விடிந்ததும் பார்த்தால் அந்த நூறில் பாதி மடைவாயில் மிதக்கிறது.

திருப்பிக் கொடுக்கும்போது சண்டை. ஆட்டோவில் ஏற்றுமுன் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். 11 டம்ளர் குறைந்தது. கடைக்காரர் தன் குடோனில் எண்ணிவிட்டு 23 என்றார். ஒன்றுக்கு 35 ரூபாய். “அண்ணாச்சி, ஏத்தும்போது உங்க ஆளும் நின்னாம்லா?” என்றேன். “அவன் டிரைவர் தம்பி, எண்ணுதது அவன் வேலை இல்ல” என்றார். கடைசியில் 17-க்குப் பேசி முடித்தோம். முடிந்த தகராறு என்பதால்தான் பெயர் போடவில்லை. நீங்கள் எடுத்தால், வண்டி ஏறுமுன்னே அவர்கள் ஆளிடம் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கணக்கு: வாடகை 1,600, கழுவுகூலி 2,800, ஆட்டோ போகவர 800, தொலைந்ததற்கு 595. மொத்தம் 5,795. போன வருஷம் கப்புக்கு 4,000, குப்பை அள்ளிய டிராக்டருக்கு 1,500. ஆக 295 ரூபாய் கூட. இந்த வருஷம் டிராக்டரே கூப்பிடவில்லை. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லியிருந்தது. அதைச் சாக்காக வைத்துப் பஞ்சாயத்தில் கேட்டோம், ஒரு தள்ளுவண்டி அனுப்பினார்கள். அது நிறையவில்லை.

கிண்ணம் வீண்செலவு. சுண்டலை வாழை இலைத் துண்டில் வாங்கவே எல்லாரும் கை நீட்டினார்கள். பாதிக் கிண்ணம் கட்டுப் பிரிக்காமலே திரும்பியது. வருகிற கொடைக்கு அதே அண்ணாச்சியிடம் 800 டம்ளர், ஒரே அளவில், சொல்லி வைத்திருக்கிறேன். சாமக்கொடைக்குக் கழுவ, சாமி ஆட்டம் பார்க்கப் போகாத ஆளாக ஒருத்தர் வேண்டும். எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை. வெளியூரில்தான் தேட வேண்டும்.