ஸ்ரீஹரிகோட்டாவா, புளோரிடாவா? வன்னியிலிருந்து ரொக்கெட் பார்க்கப் போவோருக்கு

ரொக்கெட் பார்க்கப் போகிற பயணத்தில் திகதி நம் கையில் இல்லை. இந்தியாவின் நிலவுக் கலமான சந்திரயான்-2, 2019 யூலை 15 அதிகாலையில் கிளம்ப 56 நிமிடம் இருக்கையில் நிறுத்தப்பட்டு, 22ஆம் திகதிதான் போனது. லீவு போட்டு வந்து நின்றவர்களில் எத்தனை பேரால் ஒரு வாரம் காத்திருக்க முடிந்திருக்கும்? அதனால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து கிளம்பும் குடும்பத்துக்கு எது நல்லது என்று கேட்டால், ஏவுதல் தள்ளிப்போனால் எங்கே நட்டம் குறைவு என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் புளோரிடா முன்னால் நிற்கும். கேப் கனவரலும் கென்னடி விண்வெளி மையமும் சேர்ந்து 2024இல் மட்டும் 90க்கு மேற்பட்ட ஏவுதல்களை நடத்தின. அதே ஆண்டில் இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சுற்றுப்பாதைக்குப் போனவை 5. புளோரிடாவில் ஒன்று தவறினாலும் சில நாளில் இன்னொன்று வரும். டைற்றஸ்வில் ஆற்றங்கரையிலோ கொக்கோ பீச் கடற்கரையிலோ காசு கொடுக்காமலே நின்று பார்க்கலாம். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி தரைக்குத் திரும்பி வந்து இறங்கும் நாளாயிருந்தால் அதுவும் ஒரு காட்சி. ஆனால் அமெரிக்க விசாவுக்கு ஆளுக்கு ஆள் கட்டும் பணம், மறுத்தால் திரும்பாது. விமானச்சீட்டு அதற்கு மேல். ரொறன்ரோவில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறவர், கையில் அமெரிக்க விசாவும் இருந்தால், ஒரு கிழமையை ஒதுக்கி ஒர்லாண்டோவுக்குப் போய் வரட்டும். ரொக்கெட்டுக்காக மட்டும் வன்னியிலிருந்து அவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஸ்ரீஹரிகோட்டா நமக்குக் கிட்ட. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. வானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டைக்குப் புறநகர் ரயிலே போகும். அங்கிருந்து பழவேற்காடு ஏரிக்குக் குறுக்கே போகும் வீதியில் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். தள்ளிப்போனாலும் சென்னையில் செய்ய வேலை இல்லாமல் போகாது: வைத்தியம், புடைவைக் கடை, கோயில், உறவினர் வீடு. ஐரோப்பாவின் புரோபா-3 விண்கலம் இங்கிருந்து 2024 டிசெம்பர் 4இல் போகவிருந்து கோளாறால் அடுத்த நாள்தான் போனது. அப்படி ஒரு நாள் பிந்தினால் பயணமே கெட்டுவிடாது. இந்திய விசாவை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். திகதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

சரி, அங்கே போய் எங்கே நிற்பது? 2019 ஏப்ரலில் இருந்து பொதுமக்களுக்கென்று பார்வையாளர் அரங்கு இருக்கிறது. இணையத்தில் பதிய வேண்டும். இடங்கள் வேகமாக முடிந்துவிடும். அடையாள ஆவணம் கேட்பார்கள் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகிறவர் சீட்டு வாங்க முன்னரே அதை விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்றது தமிழ்நாட்டுப் பக்கத்துப் பழவேற்காடு. ஏவுதளத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. நெருப்பு எழுவதைப் பார்த்து ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகுதான் முழக்கம் காதுக்கு வரும். அரங்கில் அது நெஞ்சை அதிர வைக்கும்.

இந்த வேறுபாடு நம் ஆட்களுக்குச் சின்ன விஷயமில்லை. சந்திரயான்-1 கிளம்பிய 2008 ஒக்ரோபரில் வன்னி மக்கள் வானத்துச் சத்தத்தைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களைக் கண்ட அம்மம்மாவையோ அப்பாவையோ கூட்டிப் போவதானால் அரங்கு வேண்டாம், பழவேற்காடுதான். என்ன சத்தம், எப்போது வரும் என்று முதலே சொல்லி வையுங்கள். பிள்ளைகள் மட்டும் என்றால் அரங்குக்கே முயலுங்கள்.

செலவில்லாமல் முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்றால் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் இந்திய ரொக்கெட்டான பிஎஸ்எல்வி நேரே தெற்கே போனால் நம் தீவுக்கு மேலாகப் போகும். அதைத் தவிர்க்க முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகி, ஏற்றக்கூடிய எடையும் குறைகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேலே ஏறிய ரொக்கெட் கணக்குப்படி நம் தொடுவானத்துக்கு மேலேதான் இருக்கும். முகிலில்லாத இரவானால் நகரும் ஒளிப்புள்ளியைக் காண வாய்ப்பு உண்டு. கிளம்பும் காட்சியும் சத்தமும் கிடையாது. நம் பக்கம் மாரி பிடிக்கும் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை அந்த வாய்ப்பும் குறைவு.

இந்தச் சுற்றலைத் தவிர்க்கத்தான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்கு ஒரு தளம் கட்டுகிறார்கள். 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மன்னாரிலிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் அளவுதான்.

இப்போதைக்கு என் தெரிவு பழவேற்காடு. பாடசாலை விடுமுறை ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் வருகிறது. ஓகஸ்டில் ஒரு ஏவுதல் அமைந்தால் அதையே பிடியுங்கள். ஏவுதல் திகதிக்கு இரண்டு நாள் முன்னர் சென்னையில் இறங்கி, திரும்பும் சீட்டை ஐந்து நாள் பிந்திப் போடுங்கள். திகதி மாற்றக்கூடிய சீட்டாக இருந்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள்.