மினிக்கு மர டேஷ்போர்டு: முகத்தைவிட முதுகைப் பாருங்கள்

பிரிட்டனின் சின்னக் காரான பழைய மினிக்கு ஆர்டரின் பேரில் செய்து தரும் வால்நட் டேஷ்போர்டுகள் படத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். முண்டுக் கட்டையிலிருந்து மெல்லியதாகச் சீவிய மரத் தாளான வெனீர், நடுக்கோட்டின் இரு பக்கமும் கண்ணாடி பிம்பம் போல விரியும் சுழி வரிகள், மேலே பளபளக்கும் லாக்கர் பூச்சு. வாங்கும்போது கேட்க வேண்டியது அந்த முன்பக்கப் படத்தை அல்ல, பலகையின் பின்பக்கப் படத்தை. நல்ல பலகையும் மோசமான பலகையும் அங்கேதான் பிரிகின்றன.

மரம் இந்தக் காருக்குப் புதிதல்ல. 1959-இல் வந்த முதல் மினியில் நடுவில் ஒற்றை ஸ்பீடோமீட்டர், அதன் கீழே நீளமான சாமான் தட்டு, அவ்வளவுதான். ஆனால் 1961-இல் அதே உடம்பில் வந்த ரைலி எல்ஃப் காருக்குத் தொழிற்சாலையிலேயே முழு அகல வால்நட் முகம் இருந்தது. ஆகவே மினியில் மரம் போடுவது காரின் இயல்பைக் கெடுக்கும் வேலை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. சரியாகப் பொருத்தினால் அந்தச் சின்ன அறைக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் கிடையாது.

அடிப்பலகை மூன்று வகையில் வருகிறது. மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். மலிவானது, வெட்ட எளிது, துளை ஓரம் சுத்தமாக வரும். ஆனால் மினிக்கு அது ஆகாது. முன் கண்ணாடி ரப்பர் வழியாக நீர் கசிவது இந்தக் காரின் பிறவிக் குறை. எம்.டி.எஃப். ஓரத்தில் ஈரம் ஏறினால் ஊதிவிடும், பிறகு சுருங்காது. 9 மி.மீ. பிர்ச் பிளைவுட்தான் எங்கள் தேர்வு. அலுமினியத் தகட்டின் மேல் வெனீர் ஒட்டியது இன்னும் மெல்லியது, வளையாது, ஸ்பீடோமீட்டர் போன்ற அசல் கருவிகளின் கிளாம்புகளும் அப்படியே பொருந்தும். விலை கூடினாலும் நிறைய சுவிட்சுகள் வைப்பவர்களுக்கு அது தகும்.

பின்பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது அங்கேயும் வெனீர் இருக்கிறதா என்பதை. முன்னால் மட்டும் ஒட்டினால் ஒரு பக்கம் இழுப்பு, மறுபக்கம் சும்மா. சில மாதத்தில் பலகை வில்லாக வளையும். பின்னால் மலிவான மரச் சீவல் போதும், ஆனால் இருந்தாக வேண்டும். அடுத்து துளைகளின் உள்விளிம்பு. வெட்டிய பிளைவுட் பூச்சில்லாமல் தெரிந்தால் பொருத்துவதற்கு முன் பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு கோட்டாவது சிறு தூரிகையால் நீங்களே பூசிவிடுங்கள். வெனீர் உரியத் தொடங்குவது எப்போதும் துளை ஓரத்தில்தான். திருகுத் துளைக்கும் இதே விதி.

துளைகளைப் பட்டறையே போட்டுத் தருவது நல்லது. அளவு கொடுப்பது உங்கள் பொறுப்பு. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் சிறு கருவிகளுக்கு 52 மி.மீ., எஞ்சின் சுற்று வேகம் காட்டும் டேக்கோமீட்டர் பெரும்பாலும் 80 மி.மீ. ஸ்பீடோமீட்டரில் பல அளவுகள் உண்டு, உங்களிடம் உள்ளதை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து சொல்லுங்கள். கருவியின் முக வளையம் துளையைச் சுற்றிச் சில மி.மீ. மட்டுமே மறைக்கும், அதனால் 2 மி.மீ. பிசகினாலும் கண்ணில் படும். வந்த பலகையில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் சிறு துளையை முழுக்க ஊடுருவப் போடுங்கள். பிறகு வட்டத் துளை வெட்டும் ஹோல் சாவை முன்பக்கத்திலிருந்து பாதி ஆழம், பின்பக்கத்திலிருந்து மீதி. ஒரே பக்கத்திலிருந்து தள்ளினால் மறுபக்கம் சிராய் கிளம்பும். லாக்கர் கண்ணாடி மாதிரி பெயரும், அதை ஒட்டுப்போட முடியாது.

தடிமன்தான் அடுத்த சிக்கல். அசல் சுவிட்சுகளும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் கேபிளும் மெல்லிய ஸ்டீல் தகட்டுக்காகச் செய்யப்பட்டவை. மரைக் கழுத்து 9 மி.மீ. மரத்தைத் தாண்டி நட் பிடிக்கும் அளவுக்கு நீளாது. பின்பக்கம் தட்டையான அடியோடு குழி எடுக்கும் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் அகலமான குழி எடுத்து, முன்னால் 3 மி.மீ. மரம் மட்டும் மிச்சம் வைப்பதுதான் வழி. நல்ல பட்டறைகள் இதைச் செய்தே அனுப்புகின்றன. ஆர்டர் தரும்போதே கேளுங்கள். கருவிகளின் யு வடிவக் கிளாம்புகளுக்கு எதிர்ப்பிரச்சினை: கால்கள் நீளமாகிவிடும், கருவி ஆடும். பலகைத் தடிமன் எவ்வளவோ அவ்வளவை இரு காலிலும் சமமாக அரத்தால் குறையுங்கள். நட்டை விரலால் மட்டும் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் முக வளையம் லாக்கரில் தடம் பதித்துவிடும்.

இனி இந்தக் கிட்டுகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் நாம் காணும் பெருங்குறை: எர்த், அதாவது மின்சாரம் காரின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. மரம் மின்சாரம் கடத்தாது. ஸ்டீல் டேஷில் கருவியின் உலோக உடம்பும், அதன் வழியாக உள்விளக்கும், தானாகவே எர்த் ஆகிவிடும். மரத்தில் அந்தப் பாதை போய்விடுகிறது. ஆனால் பெட்டியில் ஒரு கறுப்பு வயர்கூட வைத்து அனுப்புவதில்லை, குறிப்புத் தாளிலும் ஒரு வரி இருக்காது. விளக்குகள் எரியாவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது பெட்ரோல், வெப்பக் கருவிகள்தான். அவற்றுக்கு 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் ஒரு சிறு டப்பா. உள்ளே சூடாகி வளைந்து தொடர்பைத் துண்டித்துச் சேர்க்கும் ஈருலோகப் பட்டை. டப்பாவுக்கு எர்த் இல்லையென்றால் பட்டை சூடாகாது, தொடர்பு துண்டிக்கப்படாது, பேட்டரியின் முழு வோல்ட்டும் கருவிக்குப் போகும். முள் இரண்டும் சேர்ந்து மேலேறி நிற்கும். டேங்க் நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே வண்டி நடுவழியில் நிற்கும். எஞ்சின் கொதிக்கிறது என்று நம்பி ரேடியேட்டரை மாற்றியவர்களும் உண்டு. இரண்டு முள்ளும் ஒன்றாக உயர்ந்தால் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசரின் எர்த்தைத்தான்.

தீர்வு எளிது. எல்லாக் கருவிகளின் கிளாம்பு நட்டுகளையும் ஒரே கறுப்பு வயரால் சங்கிலியாக இணைத்து, முனையை வண்ணம் சுரண்டிய உடம்பு ஸ்டீலில் போல்ட் போடுங்கள். ஸ்டெபிலைசரை மரத்தில் மாட்டாமல் உலோகத்திலேயே நிமிர்ந்த நிலையில் வையுங்கள். வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டுங்கள். மின் பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயர் நிறங்கள் உதவும்: பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல், பச்சையில் நீலக் கோடு வெப்பம், இளம்பச்சையில் பச்சைக் கோடு 10 வோல்ட், சிவப்பு அல்லது சிவப்பில் வெள்ளைக் கோடு கருவி விளக்கு. ஆனால் பழைய காரில் யாரோ எப்போதோ மாற்றியிருக்கலாம், மீட்டர் வைத்துச் சோதிக்காமல் நிறத்தை நம்ப வேண்டாம். 1960-களின் மினிகளில் பாசிட்டிவ் எர்த் வழக்கம், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதில் நெகட்டிவ் எர்த்துக்கான எலெக்ட்ரானிக் டேக்கோமீட்டரை மாட்டினால் அது அன்றே புகையும். வேலை தொடங்கும் முன் டிக்கியில் இருக்கும் பேட்டரியைக் கழற்றிவிடுவதைச் சொல்லவே தேவையில்லை.

மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டருக்கு இடம் கேட்காதீர்கள். அதை மாட்டினால் விளக்கு, ஹீட்டர், சார்ஜிங் எல்லாவற்றின் மின்னோட்டமும் டேஷின் பின்னால் ஒரு தடித்த வயர் வழியாகப் போகும். மரத்துக்குப் பக்கத்தில் அந்த ஆபத்து வேண்டாம். வோல்ட்மீட்டர் போதும்.

ஸ்பீடோமீட்டரை நடுவிலிருந்து ஓட்டுநர் முன்னால் நகர்த்தினால் நீளமான கேபிள் தனியாக வாங்க வேண்டும், கிட்டில் வராது. வளைவு 15 செ.மீ. ஆரத்துக்குக் குறைந்தால் முள் துடிக்கும். உள்கம்பிக்குக் கிரீஸ் சிறிதளவு தடவலாம், ஆனால் கருவிப் பக்கம் கடைசி 20 செ.மீ. உலர்ந்தே இருக்கட்டும். இல்லையென்றால் கிரீஸ் ஏறி ஸ்பீடோமீட்டருக்குள் போகும். எண்ணெய் அழுத்தக் கருவிக்குக் குழாய் வழியாகச் சூடான எண்ணெயே உள்ளே வருகிறது. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டைத் தாண்டும் இடத்தில், துளை ஓரம் குழாயை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான கிராமெட் கட்டாயம். இணைப்பில் தோல் வாஷரைப் புதிதாகப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு கசிவு பார்த்த பிறகே பலகையை மூடுங்கள்.

கருவிகள் இல்லாத வெறும் பலகையை முதலில் காரில் வைத்துப் பாருங்கள். அடிவிளிம்பு சாமான் தட்டின் உதட்டில் முழுக்க அமர வேண்டும். மேலே கண்ணாடிக்குப் போகும் ஹீட்டர் குழாய்கள் நசுங்கக் கூடாது. நசுங்கினால் மழைநாளில் கண்ணாடி பனிமூட்டம் போலாகும், காரணம் பலருக்குப் புரிவதில்லை. இடைவெளி இருந்தால் பலகையை இழுத்து இறுக்காதீர்கள். பிராக்கெட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வையுங்கள். 4 மி.மீ. திருகுக்கு 5 மி.மீ. துளை போடுங்கள். மினியின் உடம்பு சாலையில் நெளியும், அந்த நெளிவு லாக்கரில் விரிசலாக வந்துவிடக் கூடாது.

லாக்கர் இரண்டு பாகப் பாலியூரித்தேன், புற ஊதாத் தடுப்போடு இருந்தால் வாங்கலாம். அப்படியிருந்தும் வெயிலில் வால்நட் வெளிறும். ஆகவே கையுறைப் பெட்டிக் கதவைப் பிறகு தனியாக ஆர்டர் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வேறு கட்டை, வேறு வரி, நிறமும் ஒட்டாது. அதே வெனீர்க் கட்டிலிருந்து சேர்த்தே வெட்டச் சொல்லுங்கள்.

1996-இல் வந்த கடைசித் தலைமுறை மினிக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. அதில் ஓட்டுநர் ஏர்பேக் உண்டு, டேஷும் வேறு வடிவம். அதன் வயரிங்கில் கை வைப்பது வீட்டு வேலை அல்ல. மற்ற மினிகளுக்கு பிர்ச் பிளைவுட், இருபக்க வெனீர், பின்னால் குழி எடுத்த சுவிட்சுத் துளைகள், இந்த மூன்றும் இருந்தால் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம். கறுப்பு வயரை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், 3 மீட்டர் போதும்.