இரண்டாவது இளவரசனுக்காக வாதாடுகிறேன்

தாராவியில் நான் வளர்ந்த தெருவில் யாரைக் கேட்டாலும், 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' கணினி ஆட்ட வரிசையில் சிறந்தது 'வாரியர் வித்தின்' என்றுதான் சொல்வார்கள். இரண்டு கையிலும் ஆயுதம், வெட்டினால் இரண்டு துண்டு. அதற்குமேல் அவர்களுக்குக் காரணம் தேவையில்லை. விமர்சனங்களைப் படித்து வளர்ந்தவர்களைக் கேட்டால், அதற்கு முந்தைய 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்'தான் காவியம் என்பார்கள். வாரியர் வித்தின் குடும்பப் பெயரைக் கெடுத்த பிள்ளை. நான் வாரியர் வித்தின் கட்சி. ஆனால் வெட்டுக்குத்துக்காக அல்ல. சண்டை முழுவதையும் எடுத்துவிட்டாலும் அதுவே மேலான ஆட்டம் என்பது என் வாதம். இதைத் தெருவும் ஏற்பதில்லை, விமர்சகர்களும் ஏற்பதில்லை.

கதைகளின் முடிவுகளைச் சொல்லாமல் இந்த வழக்கைப் பேச முடியாது. இருபது ஆண்டு கடந்த ஆட்டங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாண்ட்ஸ் 2003-இல் வந்தது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மொன்ட்ரியால் கூடத்தில் உருவானது. 1989-இல் முதல் ஆட்டத்தைச் செய்த ஜோர்டன் மெக்னரே இதற்குக் கதை எழுதினார். தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்து அன்றைய இளவரசனை வரைந்தவர் அவர். என் பெரியப்பா மகன், அண்ணன், லாமிங்டன் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியில்தான் சாண்ட்ஸை முதலில் பார்த்தேன். சுவரில் ஓடி, தூணைப் பற்றி, அடுத்த விளிம்புக்குத் தாவுகிற அந்த உடலைப் பார்த்து வாயடைத்துப் போனேன். தவறி விழுந்தாலும், அவன் குத்துவாளில் காலத்தை ஆளும் மாய மணல் இருக்கும்வரை காலத்தைச் சில நொடிகள் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். மணல் தீர்ந்து செத்துவிட்டால், இளவரசனின் குரல் குறுக்கிட்டு அப்படி நடக்கவில்லையே என்கிறது. பாட்டி கதை சொல்லும்போது எங்கோ தடம் மாறிப் போய், "இரு, இரு, அது அப்படி இல்லை" என்று திருத்திக்கொள்வாளே, அதே பேச்சு. சாவையே கதைசொல்லியின் வாய்தவறலாக மாற்றிய இந்த யோசனைக்கு நிகராக நான் வேறு எந்த ஆட்டத்திலும் கண்டதில்லை.

கதை தொடங்குவது இந்தியாவில் என்பதும் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பாரசீக மன்னனின் படை ஒரு மகாராஜாவின் கோட்டைக்குள் புகுகிறது. சொந்த மந்திரியே காட்டிக்கொடுக்கிறான். கைதியாகும் மகள் ஃபாரா, வில்லோடு இளவரசனுக்குத் துணை வருகிறாள், நம்பாமலே. சிறுவயதில் இருட்டுக்குப் பயந்தபோது அம்மா சொல்லிக்கொடுத்த ஒரு மந்திரச் சொல்லை அவனிடம் மட்டும் சொல்கிறாள்: காகோலூகீயம். பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் பொறி தட்டியது. வடமொழிப் பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதிக்கு அதே பெயர். காகங்களும் ஆந்தைகளும் போரிடும் கதை. பகைவரின் கோட்டைக்குள் நல்லவன்போல் நுழைந்து அதை அழிக்கிற சூழ்ச்சி அதில் வருகிறது. உள்ளிருந்தே கதவு திறந்துவிடப்பட்ட ஒரு கோட்டையின் இளவரசிக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது! கடைசிக் காட்சியில் காலம் திரும்பிவிடுகிறது, அவளுக்கு எதுவும் நினைவில்லை. பெயரைக் கேட்கும்போது அவன் அந்தச் சொல்லையே தன் பெயராகச் சொல்லிவிட்டு மறைகிறான். அந்த இடத்தில் அண்ணன் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

சண்டையில் சாண்ட்ஸ் சுமார்தான். ஒவ்வோர் அரக்கனையும் வீழ்த்தியபின் குத்துவாளால் குத்தி மணலை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் எழுந்துவிடுவான். தலைக்குமேல் தாவி முதுகில் வெட்டுவது என்ற ஒரே வித்தையில் பாதி ஆட்டம் ஓடிவிடும். முடிவை நெருங்கும்போது லிஃப்ட் போன்ற மேடையில் ஃபாராவையும் காத்துக்கொண்டு போரிட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் மூன்று நாள் கிடந்தேன்.

ஆனால் என் உண்மையான குறை சண்டையில் இல்லை, அந்த அழகான முடிவில்தான் இருக்கிறது. இளவரசன் ஆசையினால் ஒரு குத்துவாளை எடுத்தான், மந்திரியின் பேச்சைக் கேட்டு மணற்கடிகையைத் திறந்தான், அப்பா உட்பட ஓர் அரண்மனை முழுவதையும் அரக்கராக்கினான். பிறகு காலத்தையே பின்னுக்கு இழுத்தான். எல்லாரும் உயிரோடு எழுந்துவிட்டார்கள். ஃபாரா தன்னை மறந்த வலி அவனுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் செய்ததற்கு விலை? கணக்குத் தீராமலே ஏட்டை மூடிவிட்டார்கள்.

அந்த ஏட்டைத் திறப்பதுதான் 2004-இல் வந்த வாரியர் வித்தின். ஏழு ஆண்டுகளாக தஹாகா என்கிற காவல் பூதம் இளவரசனைத் துரத்துகிறது. மணல் வெளியான நாளில் சாக வேண்டியவன் அவன். காலத்தின் ஒழுங்கில் அவன் உயிரோடு இருப்பதே பிழை. சித்திரகுப்தன் ஏட்டில் ஒருவன் அடித்துத் திருத்திவிட்டான், எமன் சும்மா இருப்பானா? தஹாகாவின் உடலிலிருந்து நீளும் கருங்கொடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாசக்கயிறுதான் நினைவுக்கு வரும். மார்க்கண்டேயனுக்குக் கட்டிக்கொள்ள லிங்கம் இருந்தது. இவனுக்கு நீர்த்திரை மட்டுமே. தண்ணீரைத் தஹாகாவால் கடக்க முடியாது. நிறம் வெளுத்த திரையில் பின்னால் அது சுவரை உடைத்துக்கொண்டு வர, முன்னால் எங்கோ ஒழுகும் அருவியை நோக்கி ஓடுகிற அந்த ஓட்டத்தை நான் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறேன். சாண்ட்ஸில் சுவரில் ஓடுவது நடனம். இங்கே அதே ஓட்டம் உயிர்ப்பிச்சை. இரண்டிலும் விரல் அழுத்துவது ஏறத்தாழ அதே விசைகள்தாம்!

தெருப் பையன்களும் விமர்சகர்களும் ஒருசேரத் தவறவிட்டது வாரியர் வித்தின் நடக்கிற அந்தத் தீவை. ஒரே கோட்டையை இரண்டு காலங்களில் நடக்கிறோம். நிகழ்காலத்தில் இடிந்த மண்டபங்கள், வேர் பிளந்த சுவர்கள், நின்றுபோன சக்கரங்கள். காலவாயில் வழியே கடந்தகாலத்துக்குப் போனால் அதே மண்டபத்தில் விளக்கு எரிகிறது, தோட்டக் கோபுரத்தில் நீர் ஓடுகிறது, இயந்திரக் கோபுரத்தில் பல்சக்கரங்கள் சுழல்கின்றன. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகவைக்கிறார்கள் என்பது இந்த ஆட்டத்தின்மேல் உள்ள பெரிய புகார். எனக்கு அதுதான் உயிர். அப்பா ஒருமுறை லோயர் பரேலில் ஒரு கடைவளாகத்தின் வாசலில் என்னை நிறுத்தி, இங்கே ஆலையின் வாயில், அங்கே சங்கு ஊதும், இந்தப் பக்கம் தேநீர்க் கடை என்று காற்றில் கைகாட்டிக்கொண்டே போனார். 1982 பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குமுன் அந்தப் பகுதி எப்படி இருந்தது என்று தெரிந்தவர் அவர். எனக்குத் தெரிந்தது, பழைய புகைபோக்கி மட்டும். இரண்டு காலத்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிற அந்தப் பார்வையை எனக்கு மறுபடி தந்தது இந்த ஆட்டம்தான். சாண்ட்ஸின் அரண்மனை அழகானது. ஒருமுறை கடந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தீவை வாசல் வாசலாக எனக்குத் தெரியும்.

கதைக்கட்டும் அதையொட்டியே இருக்கிறது. முன்பாதியில் தொலைவில் ஒரு கரிய உருவம் அவ்வப்போது தென்படுகிறது. நமக்குப் பதிலாகத் தஹாகாவிடம் அது சிக்குகிறது. பின்பாதியில் முகமூடி அணிந்து அந்த உருவமாக மாறுவது நாமே. தூரத்தில் தெரியும் இளவரசன் நம் பழைய நாம். இன்னொரு முடிச்சும் உண்டு. மணல் உருவாகாமல் தடுக்கவே காலத்தின் பேரரசியைக் கொல்லத் தீவுக்கு வருகிறான். கொன்றபின்தான் தெரிகிறது, அவள் சாவிலிருந்தே மணல் பிறக்கிறது. குழந்தைகளைக் கொன்று விதியைத் தடுக்கப் பார்த்த கம்சன் கதைதான். சாண்ட்ஸ் கேட்காமல் விட்ட கேள்விக்கு இதைவிடக் கடுமையான பதில் இருக்க முடியாது.

குறைகளை மறைக்கமாட்டேன். ஃபாராவுக்கு முதல் ஆட்டம் தந்த மதிப்பு இங்கே எந்தப் பெண்ணுக்கும் இல்லை. தொடக்கக் கப்பல் சண்டையில் வரும் ஷாதியின் உடையை எந்தப் போர்வீராங்கனையும் அணியமாட்டாள். அக்காவோ அம்மாவோ பின்னால் வந்தால் நான் திரையை அணைத்துவிடுவேன். வெட்கப்பட வேண்டியது நான் அல்ல, அதை வரைந்தவர்கள். இதில் வரும் காட்ஸ்மாக் ராக் குழுவின் உறுமல் பாடல்களைவிட ஸ்டூவர்ட் சாட்வுட் முதல் ஆட்டத்துக்கு அமைத்த இசை நூறு மடங்கு மேல். மெக்னருக்கே இதன் கலைப்போக்கும் வன்முறையும் உவப்பாக இல்லை. அதைப் பொதுவெளியில் சொன்னார். உருவாக்கியவர் சொல்லுக்கு எடை உண்டு. ஆனாலும் அவர் பேசியது தோலைப் பற்றி. நான் பேசுவது எலும்பை.

அண்ணனின் கணினியில் வாரியர் வித்தின் ஓடவில்லை. சயான் பக்கம் ஒரு சைபர் கஃபேயில், தேநீர்க்காசைச் சேர்த்துவைத்து, மாலைகளில் ஆடினேன். முக்கால்வாசி தாண்டியிருந்தபோது 2005 ஜூலை 26 வந்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி என்ற எங்கள் ஊர் ஆறு பொங்கியது, எங்கள் வீட்டில் முழங்காலுக்குமேல் தண்ணீர். ஒரு வாரம் கழித்துப் போனால், தரையில் வைத்திருந்த கணினிப் பெட்டிகளை எல்லாம் கடைக்காரர் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். அவருக்குப் பிழைப்பே போயிருந்தது. அந்தக் கணினியில் சேமித்திருந்த என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை நிதானமாக, ஒரு நோட்டில் தீவின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டே. அப்போதுதான் உயிர்ச்சக்தியைக் கூட்டும் ஒன்பது மறைவிடங்கள் இருப்பதைக் கண்டேன். ஒன்பதையும் எடுத்தவனுக்கு மட்டும் நீர்வாள் கிடைக்கிறது. அந்த வாளோடு போனால் கடைசிச் சண்டை, காலம் திரும்பி மறுபடி எதிரில் நிற்கும் பேரரசியோடு அல்ல, தஹாகாவோடு. இளவரசனும் பேரரசியும் உயிர் தப்பிக் கப்பலேறுகிறார்கள். அடுத்த ஆட்டத்தின் கதை தொடர்வது இந்த முடிவிலிருந்துதான். நீர் நாசமாக்கிய என் முதல் ஆட்டத்தில் இது எனக்குக் கிடைத்திருக்காது. அவசரமாக ஓடிப் பேரரசியைக் கொன்றிருப்பேன்.

2005 டிசம்பரில் வந்த 'டூ த்ரோன்ஸ்' இரண்டுக்கும் நடுவழி கண்டது என்று புகழ்வார்கள். எனக்கு மூன்றில் கடைசி இடம் அதற்குத்தான். முதல் ஆட்டத்தின் விசிறிகளுக்குப் பழைய குரலும் ஃபாராவும், இரண்டாவதன் விசிறிகளுக்குச் சங்கிலிச் சாட்டை சுழற்றும் கரிய இளவரசன் என்று பந்தி பிரித்துப் பரிமாறியிருக்கிறார்கள். தேர்ப்பந்தயங்களில் எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் உள்ளிருந்து கேலி பேசும் கரிய இளவரசனை இறுதியில் வெட்டி வெல்ல முடியாமல், அவனைப் பொருட்படுத்தாமல் நடந்து போய்த்தான் வெல்ல வேண்டும் என்ற இடம் பொன்னானது. 2008 ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வரி: விழும்போதெல்லாம் துணைக்கு வரும் எலிகா கைபிடித்துத் தூக்கிவிடுவதால் அதில் சவாலே இல்லை என்று இகழ்ந்தவர்கள், அந்தக் கையைக் கவனிக்கவே இல்லை.

சாண்ட்ஸின் மறுவுருவாக்கத்தை யூபிசாஃப்டின் புனே, மும்பைக் கூடங்கள் செய்கின்றன என்று 2020 செப்டம்பரில் அறிவித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில், எங்கள் இளவரசன்! முன்னோட்டப் படத்தை உலகமே எள்ளியது எனக்கு வலித்தது. 2022-இல் வேலை மொன்ட்ரியாலுக்குப் போய்விட்டது. முதலில் மறுபடி செய்ய வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், தீவைத்தான் சொல்வேன்: அதே கட்டடம், அதே துரத்தல், வேறு இசை, பெண்களுக்கு ஒழுங்கான உடையும் பேச்சும்.

புதிதாகத் தொடங்குகிறவர் வாரியர் வித்தினை முதலில் தொட வேண்டாம். சாண்ட்ஸை முடித்து, அந்த முடிவின் இனிமையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள்; தஹாகாவின் முதல் காலடி அப்போதுதான் உறைக்கும்.

அண்ணன் இப்போது டோம்பிவிலியில் இருக்கிறார். இருபது ஆண்டாக அவர் சாண்ட்ஸ் கட்சி. வாரியர் வித்தினை ஒருமுறை முடித்து, பேரரசியைக் கொன்று, மூடி வைத்தவர். இந்த மழைக்காலத்தில்தான் என் நச்சரிப்புக்கு இணங்கி மறுபடி தொடங்கினார். போன ஞாயிறு அழைத்தார். "ஏழு கிடைத்துவிட்டது தம்பி, மற்ற இரண்டும் எங்கே?" என்றார். சயான் நாட்களின் அந்த நோட்டைப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறேன்.