சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 20,000 எம்ஏஎச் பவர்பேங்க்: விமானத்துக்குக் கொண்டுபோகலாமா?

சிங்கப்பூர் போவதற்காக வாங்கியது என்பதால் விமர்சனமும் அந்தக் கணக்கில்தான். எத்தனை தடவை போன் சார்ஜ் ஏறுகிறது, எவ்வளவு வேகம் என்பதில் குறை ஒன்றுமில்லை, நன்றாகவே ஏறுகிறது. நான் பார்த்தது, இருநூறு பேர் அடைபட்டு உட்காரும் இடத்துக்குள் இதை நம்பிக் கொண்டுபோகலாமா என்பதை.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில் தலைக்கு மேலே பை வைக்கும் பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. விமானத்தின் மேற்கூரையே எரிந்துபோய்விட்டது. தரையில் நின்றதால் உள்ளே இருந்த 176 பேரும் சறுக்கி இறங்கித் தப்பினார்கள். ஒரு பவர்பேங்க்குக்குள் இன்சுலேஷன் (மின்காப்பு) பழுதாகியிருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து, கடலுக்கு மேலே பறக்கும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே பதறுகிறது.

சரி, பொருளுக்கு வருவோம். அடிப்பக்கம் 74 வாட் அவர் (பேட்டரிக்குள் எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்ற அளவு) என்று போட்டிருக்கிறது. 20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அதே 74 வருகிறது, கணக்கு சரி. விமானத்தில் பொதுவாக 100 வாட் அவர் வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கூடவே கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும், அதன் பதிவு எண்ணான ஆர் நம்பரும் இருக்கின்றன. ஆனால் இதையெல்லாம் சாம்பல் நிற உடம்பில் வெளிர் சாம்பல் எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது, பையில் உரசி இப்போதே ஓரம் அழிய ஆரம்பித்துவிட்டது. செக்யூரிட்டியில் எழுத்து தெரியவில்லை என்றால் வாங்கி வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, எனக்கு இதுதான் பெரிய குறை. இன்னொன்று, பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் பைக்குள் அழுந்தி தானாக ஆன் ஆகிவிடுகிறது. சார்ஜ் துளைகளுக்கு மூடியும் இல்லை. சாவி, சில்லறை எதுவும் படாமல் தனி ஜிப் கவரில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

அதே கடையில் 50,000 எம்ஏஎச் என்று எழுதிய ஒன்றை இதைவிடக் குறைந்த விலைக்குக் காட்டினார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். எழுதியிருப்பது உண்மை என்றால் 185 வாட் அவர், விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். பொய் என்றால் லேபிளிலேயே பொய் சொல்கிறவர் உள்ளே என்ன பேட்டரி செல் போட்டிருப்பார்?

பெட்டியில் விமான சீட்டில் உட்கார்ந்து ஒருவர் இதில் சார்ஜ் போடுவது போலப் படம் வேறு போட்டிருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும் பறக்கும்போது பவர்பேங்க்கைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டன. செக்-இன் லக்கேஜிலும் போடக் கூடாது, கையோடுதான் எடுத்துப் போக வேண்டும். மேல் பெட்டியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மேல் பெட்டிக்குள் புகை வந்தால் தாமதமாகத்தான் தெரியும், எந்தப் பை என்று தேடுவதற்குள் ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லுக்குப் பரவிவிடும். விமானத்தில் இருக்கும் ஹாலான் வாயுத் தீயணைப்பான் அடித்தால் சுடர் அடங்கும், உள்ளே இருக்கும் சூடு அடங்காது, திரும்பப் பற்றும், தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் நிற்கும். அப்புறம், போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டைச் சாய்த்தோ நிமிர்த்தியோ தேடாதீர்கள், நசுங்கினால் அதுவும் பற்றும். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எடுத்துத் தருவார்கள்.

ஐந்துக்கு மூன்று தருகிறேன். எழுத்தைக் கறுப்பில் அச்சடித்து, பட்டனை உள்ளே தள்ளி வைத்தால் நாலரை. வாங்கப் போகிறவர்கள் கவரைப் பிரிக்கச் சொல்லி 74 என்ற எண் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள், கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் பிரித்துக் காட்டுகிறார்.